முதலில் கல், பிறகு தண்ணீர்

சென்னியப்பன் முதலாளியின் மோதிரக் கல்லிலிருந்து தண்ணீர் வர ஆரம்பித்தது ஆவணி மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை, பகல் பன்னிரண்டரை மணிக்கு, அவருடைய பேத்தியின் காதுகுத்து விருந்தில், முதல் பந்தியில். இலைக்குத் தண்ணீர் தெளித்தார், துடைத்தார், துடைத்த இலை மறுபடி நனைந்தது, மறுபடி துடைத்தார், மறுபடி நனைந்தது, உப்பு கரைந்து, ஊறுகாய் மிதந்து, பச்சடி பக்கத்து இலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தண்ணீர் டம்ளரிலிருந்து வரவில்லை, தன் மோதிர விரலிலிருந்து வருகிறது என்பது அவருக்கே தெரிந்தது. யாரும் அலறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாத்தியார் தன் இலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மொதலாளி, கைய அந்தப் பக்கமாத் திருப்பிக்குங், பருப்பு வருது" என்றார். அவ்வளவுதான். பந்தி நடந்தது.

நான் எதிர் வரிசையில் இருந்தேன். என் பெயர் கந்தப்பன். சென்னியப்பன் முதலாளியின் கல் குழிகளில் இருபது வருஷம் கப்பிக்கயிறு இழுத்தவன். ஆளை இறக்குவது, மண்ணை ஏற்றுவது, கல்லை ஏற்றுவது, பொழுது சாய்ந்தால் ஆளை ஏற்றுவது, இதுதான் என் வேலை. இந்தக் கதையைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் ஊரில் கிடையாது, என்னைவிடத் தகுதியில்லாத ஆளும் கிடையாது. நடுவில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் சற்று நிறுத்துவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சுண்டக்காட்டுவலசு காங்கேயம் பக்கத்து வறண்ட காடு. மழை பெய்தால் பயிர் முளைப்பதற்கு முன்னால் கல் முளைக்கும் மண். கல் என்றால் சந்திரகாந்தம். பார்த்தால் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெளுத்திருக்கும், திருப்பினால் உள்ளே நீலமாய் ஒரு வெளிச்சம் நகரும். யவனர்கள் கப்பலேறி வந்து எங்கள் சீமைக் கற்களுக்குப் பொன் கொடுத்துப் போன காலத்திலிருந்து இந்தக் கல்லைப் பற்றி ஒரு பேச்சு உண்டு, இது சந்திரனுடைய கல், நிலா பட்டால் நீர் விடும் என்று. நிலாவில் நீர் விட்டு நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஆனால் ரோகிணி, அஸ்தம், திருவோணம் என்று சந்திரனுடைய நட்சத்திரங்களில் பிறந்தவர்களுக்கு இது பிறவிக் கல், மனசைக் குளிர வைக்கும், தூக்கம் கொடுக்கும், தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் சண்டை வராமல் பார்த்துக்கொள்ளும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே கிடையாது. மற்றவர்கள் போட ஆசைப்பட்டால் மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்துப் படுக்க வேண்டும். கெட்ட கனவு வந்தால் கல்லைக் கொண்டுபோய் உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும். இதை மீறிக் கல் போட்டவர்கள் எங்கள் ஊரில் இல்லை, சென்னியப்பன் வரும்வரைக்கும்.

முதலாளி விரலில் இருந்த அந்தக் கல் முதலில் நாட்ராயனுக்குக் கிடைத்தது. என்னோடு குழியில் வேலை செய்தவன், கீழே இறங்கி வெட்டுகிறவன். அவன் மனைவி நாச்சம்மாளுக்கு ரோகிணி நட்சத்திரத்தில் பெண் குழந்தை பிறந்த அன்றைக்குக் காலையில், தன் வீட்டுக்குப் பின்னால் தொப்புள்கொடி புதைக்கக் குழி தோண்டியபோது, கடப்பாரை நுனியில் டங்கென்று பட்டது. புளியங்கொட்டை அளவு கல், உள்ளே ஒரு சின்னப் பூரான் கால்களை விரித்துப் படுத்திருப்பது மாதிரி வரி. அந்தப் பூரான் வரி நல்ல சந்திரகாந்தத்துக்கு அடையாளம், ஒன்றில் இருப்பது மாதிரி இன்னொன்றில் இருக்காது. சென்னியப்பன் ஐந்து முறை ஆள் அனுப்பிக் கேட்டார். "அது எம் புள்ள கூடப் பொறந்ததுங்க, எப்படிக் குடுக்கறது" என்று நாட்ராயன் ஐந்து முறையும் சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பினான். குழந்தை சுகந்திக்கு வயது வரும்வரை கல்லை ஒரு துணியில் முடிந்து தன் கழுத்துக் கயிற்றிலேயே போட்டுக்கொண்டு திரிந்தான். சுகந்திக்கு மூன்று வயதானபோது நாட்ராயன் ஊரைவிட்டு ஓடிப்போனான், கல்லையும் எடுத்துக்கொண்டு கேரளத்துக்கு. ஊர் அப்படித்தான் சொன்னது. ஊர் என்றால், நாங்கள் ஐந்து பேர் சொன்னதை மற்றவர்கள் சொன்னார்கள்.

எட்டு வருஷம் நாச்சம்மாள் ஓடிப்போனவனின் பெண்டாட்டியாக இருந்தாள். தேங்காய்க் களத்தில் காய் உடைத்தாள், விசேஷ வீடுகளில் பாத்திரம் கழுவினாள், பந்திக்குத் தண்ணீர் ஊற்றினாள். அன்றைக்குக் காதுகுத்திலும் அவள்தான் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். சென்னியப்பனின் டம்ளரில் ஊற்றும்போது அவர் விரலில் கல்லைப் பார்த்தாள், கல்லுக்குள் பூரானைப் பார்த்தாள். ஜக்கைக் கீழே வைக்காமல், சத்தம் போடாமல் கேட்டாள்.

"இது என்ற புள்ளயோட கல்லுங்க. கல்லு இங்க இருக்குது. என்ற ஊட்டுக்காரரு எங்கீங்க?"

"ஓடிப்போனவனப் பத்தி எங்கிட்டக் கேட்டா? தண்ணிய ஊத்தீட்டு அடுத்த எலைக்குப் போ அம்மிணி" என்றார் சென்னியப்பன்.

அவள் தண்ணீரை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள். அவர் விரலை நனைத்துத் தெளித்தார். மிச்சத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இனி ஒளிக்க என்ன இருக்கிறது. கள்ளிக்காட்டில் சென்னியப்பன் அனுமதி இல்லாமல் தோண்டிய குழி. காலையில் நாட்ராயனை இறக்கினோம். கொஞ்ச நேரத்தில் பக்கச்சுவர் சரிந்து அவனை மார்பு வரை மூடியது. கை இரண்டும் வெளியே இருந்தன, பேச்சு இருந்தது, உயிர் முழுசாக இருந்தது. மேலே சென்னியப்பனும் நாங்கள் ஐந்து பேரும். காங்கேயத்திலிருந்து எந்திரம் கொண்டுவந்தால் எடுத்துவிடலாம், ஆனால் எந்திரம் வந்தால் பின்னாலேயே அதிகாரிகள் வருவார்கள். உச்சிப்பொழுதுக்கு நாட்ராயன் தண்ணீர் கேட்டான். ஒருவன் பித்தளைச் சொம்பில் மொண்டு கயிற்றில் கட்டப் போனான். சென்னியப்பன் கையைக் காட்டி நிறுத்திவிட்டுக் குழிக்குள் எட்டிப் பார்த்துச் சொன்னார், "மொதல்ல கல்ல மேல அனுப்பு. அப்பறம் தண்ணி." வெறும் கயிறு இறங்கியது. நாட்ராயன் கழுத்துக் கயிற்றை அறுத்துக் கல்லைக் கட்டி அனுப்பினான். சென்னியப்பன் கல்லை நாக்கில் வைத்துக் குளிர்ச்சி பார்த்தார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், "போலாம்" என்றார். போனோம். மறுநாள் பார்த்தபோது மீதி மண்ணும் சரிந்திருந்தது. முள் வெட்டிப்போட்டுக் குழி வாயை மூடினோம்.

ஆகவே அவர் விரலில் தண்ணீர் வந்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உங்களால் புரிந்துகொள்ள முடியும். வரட்டும் என்று நினைத்தேன். வந்துகொண்டே இருக்கட்டும்.

வந்துகொண்டே இருந்தது. முதல் நாள் துண்டு சுற்றினார்கள், இரண்டாம் நாள் வாளி வைத்தார்கள், மூன்றாம் நாள் வாளி நிரம்பி வாசல் கடந்து தெருவுக்கு வந்தபோது எதிர்வீட்டுக்காரி யோசிக்காமல் குடத்தைக் கொண்டுவந்து வைத்தாள். எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தரம். குடித்துப் பார்த்தார்கள், தேனாக இனித்தது. அடுத்த வாரம் பஞ்சாயத்துக் கூடியது. கல் எங்கிருந்து வந்தது என்று கேட்க அல்ல, எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை என்று பிரிக்க. சென்னியப்பனை மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, கையில் பச்சை டியூப்பைச் சொருகித் துணியால் கட்டி, தலைக்கு மேல் ஒரு தென்னங்கீற்றுப் பந்தல் போட்டோம். டீக்கடைக்காரர் அந்தத் தண்ணீரில் போட்ட டீக்காகப் பேருந்துகள் நின்றுவிட்டுப் போயின. தண்ணீர் இருக்கிற ஊர் என்று எங்கள் பையன்களுக்குப் பெண் கொடுக்க முன்வந்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் ஜோசியர் கடை விரித்து, எல்லா ராசிக்கும் சந்திரகாந்தம் பொருந்தும் என்று புதிதாகக் கண்டுபிடித்தார். தைப்பொங்கலுக்கு அந்தத் தண்ணீரில்தான் ஊரே பொங்கல் வைத்தது, முதலாளி கையைக் கும்பிட்டுவிட்டு.

ஒரு விஷயம் மட்டும் யாரும் பெரிதாகப் பேசவில்லை. சென்னியப்பனுக்குத் தாகம் அடங்கவில்லை. அவர் குடிக்கிற தண்ணீர், மோர், இளநீர் எல்லாம் தொண்டையில் இறங்கி நேராக விரலுக்கு வந்து டியூப் வழியாக யாரோ ஒருவருடைய குடத்துக்குப் போனது. ஆள் வற்றினார். கன்னம் போயிற்று, தொந்தி போயிற்று, சட்டை தொங்கியது. நாங்கள் எல்லாரும் பார்த்தோம். "பாவம், மொதலாளி எளச்சுப்போயிட்டாரு" என்பார்கள் பெண்கள், சொல்லிக்கொண்டே அடுத்த குடத்தை வைப்பார்கள். நான் தினமும் இரண்டு குடம் பிடித்தேன். என் வீட்டில் நானும் மனைவியும் மட்டும்தான், ஒரு குடமே மிச்சம். இரண்டாவது குடத்தைக் கொண்டுபோய் வேலியோரம் ஊற்றிவிட்டு வருவேன். அந்த ஒரு குடம் அளவுக்காவது ஆள் கூடுதலாக வற்றட்டும் என்று.

தண்ணீர் பிடிக்காத ஒரே வீடு நாச்சம்மாளுடையது. இரண்டு மைல் நடந்து பக்கத்து ஊர்க் கிணற்றில் இறைத்துக்கொண்டு வருவாள்.

மாசி மாதம் சென்னியப்பனின் மனைவி பாவாத்தாள் என்னைக் கூப்பிட்டு அழுதாள். மோதிரம் சதைக்குள் புதைந்துவிட்டது, ஆசாரி அறுக்கப் போனால் அரம்தான் தேய்கிறது, தண்ணீர் நின்றபாடில்லை. "அந்தக் கல்ல வளத்துனவ அவ. எப்படி அடக்கறதுன்னு கேட்டுட்டு வா கந்தப்பா" என்றாள். போனேன். நாச்சம்மாள் களத்தில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள், அரிவாளை நிறுத்தவில்லை.

"மூணு நா தலகாணிக்கடியில வெச்சுப் பாத்தாருங்களாண்ணா?"

"இல்ல அம்மிணி."

"அவரு என்ன நச்சத்திரம்?"

"மூலம். யாவாரம் படுத்துப்போச்சு, சந்திரன் கல்லுப் போட்டா எந்திரிக்கும்னு ஆரோ சொன்னாங்க. போன ஆடியில சாதகத்த ரோகிணின்னு மாத்தி எழுதி வாங்கீட்டாரு."

"கல்ல எதுல வெச்சிருந்தாரு இத்தன வருசமா?"

"செகப்புக் கல்லுக கெடக்கற தகர டப்பாவுல."

"கீறல் உழுந்திருக்கும். இது மெதுவான கல்லுங்கண்ணா, வேற கல்லுகூடச் சேத்தக் கூடாது. தனியாப் பஞ்சுல வெக்கோணும். மோதரம் கட்டறப்ப நெருப்புக் காட்டுனாங்களா?"

"கல்லோடயே வெச்சு ஊதுனாரு ஆசாரி."

"உள்ளாற வெடிச்சிருக்கும்" என்றாள். தேங்காய் இரண்டாகப் பிளந்தது. "வெதுவெதுன்னு தண்ணி, அதுல பூந்திக்கொட்ட நுரை ஒரு சொட்டு. பழைய வேட்டித் துணியில ஒத்தி எடுக்கோணும், தேய்க்கக் கூடாது. திங்கக்கெழம திங்கக்கெழம கழுவிப் புள்ள நெத்தியில வெச்சு எடுப்பேன். மூணு வருசம் அப்படி வெச்சிருந்தேன். எட்டு வருசமா ஒருத்தரும் தண்ணி காட்டலீன்னா, அது தானாத் தேடிக்கத்தாஞ் செய்யும்."

"இப்ப என்ன பண்றது அம்மிணி?"

"என்ற ஊட்டுக்காரரு எங்கன்னு அவரு வாயால சொல்லோணும். இல்ல, கையக் காட்டோணும். அவரு ஊட்டு ஆளுக ஆரும் வரக் கூடாது. காட்டுனாருன்னா அந்த எடத்துலயே நான் கல்லக் கழட்டறேன், தண்ணி நின்னுரும்." அப்போதுதான் அரிவாளை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "நீங்களும் அவருகூடத்தான வேல செஞ்சீங்கண்ணா?"

"கயிறு இழுக்கறவனுக்கு என்ன அம்மிணி தெரியும்" என்றேன்.

சென்னியப்பன் சொல்ல மாட்டேன் என்றார். பங்குனி முழுக்கச் சொல்ல மாட்டேன் என்றார். சித்திரையில் நாக்கு வறண்டு பேச்சு நின்றுபோன பிறகு தலையை ஆட்டினார்.

கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்து நாங்கள் நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனோம். குழியைத் தெரிந்த நான்கு பேர், ஐந்தாமவன் முன்பே செத்துப்போயிருந்தான். உச்சி வெயில். நாச்சம்மாள் சுகந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். பிள்ளைக்குப் பதினோரு வயது. கட்டிலிலிருந்து தொங்கிய கையிலிருந்து தண்ணீர் வழிநெடுகச் சொட்டியது, இரண்டு மைலுக்குப் புழுதியில் ஒரு கோடு. சென்னியப்பன் விரல் நீட்டிய பக்கம் நடந்தோம். எங்களுக்கு வழி தெரியும், தெரியாத மாதிரி நடந்தோம். கள்ளிக்காட்டில் முள்ளை விலக்கினோம். மண் மூடிய குழி ஒரு ஆள் ஆழத்துக்கு அமுங்கிக் கிடந்தது. அவர் விரல் அதற்குள் நீண்டது.

நாச்சம்மாள் அழவில்லை. "என்ன நடந்துச்சு?" என்று கேட்டாள். கட்டிலில் இருந்தவரால் பேச முடியாது. அதனால் நான் சொன்னேன். எந்திரம் வராததைச் சொன்னேன், தண்ணீர் கேட்டதைச் சொன்னேன், முதலில் கல், பிறகு தண்ணீர் என்று சென்னியப்பன் சொன்னதை அவர் குரலிலேயே சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு வெறி ஏறியது, நானே அவரைக் கூண்டில் ஏற்றிவிட்ட மாதிரி.

"சொம்பு ஆரு கையில இருந்துச்சுங்கண்ணா?" என்று கேட்டாள்.

மற்ற மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"எங் கையில அம்மிணி" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கூடையிலிருந்து ஒரு பித்தளைச் சொம்பை எடுத்தாள், பக்கத்து ஊர்க் கிணற்றுத் தண்ணீர், வாய் வரைக்கும். அதைச் சென்னியப்பன் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "மொதல்ல கல்லக் குடுங்க" என்றாள். "அப்பறம் தண்ணி." அவருடைய கண் சொம்பைவிட்டு நகரவில்லை. கையை நீட்டினார். ஆசாரியின் அரத்துக்கு அசையாத மோதிரம், வற்றிச் சுள்ளியாகிவிட்ட விரலிலிருந்து அவள் தொட்டதும் கழன்று வந்தது. தண்ணீர் அந்த நொடியே நின்றது. நாச்சம்மாள் கல்லைப் பழைய வேட்டித் துணியில் ஒத்தி எடுத்து, சுகந்தியின் நெற்றியில் வைத்து, பிள்ளையின் உள்ளங்கையில் மூடினாள். இனி அவர் குடித்தால் உடம்பில் தங்கும். அது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது, வாயைத் திறந்தார்.

நாச்சம்மாள் சொம்பை அவரிடம் கொடுக்கவில்லை. என் கையில் கொடுத்தாள்.

"அன்னிக்கு உங்க கையிலதான இருந்துச்சு. இன்னிக்கும் உங்க கையிலயே இருக்கட்டுமுங்கண்ணா. குடுக்கறதுன்னாக் குடுங்க, வேண்டாம்னா வேண்டாம். இன்னிக்கு உங்களைத் தடுக்க ஆருமில்ல."

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவே இல்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? எனக்கு அப்போது அது பெரிய நியாயமாகப் பட்டது. கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தேன், இருபது வருஷம் எனக்கு ஏற்று, இறக்கு என்று சொன்ன வாய், இப்போது "கந்தப்பா" என்று காற்றாக மட்டும் சொன்னது. நான் குழி ஓரத்துக்குப் போனேன். அவர் பார்க்கும்படி, கொஞ்சம் கொஞ்சமாக, சொம்பைக் குழிக்குள் கவிழ்த்தேன். நாட்ராயா, குடி என்று சத்தமாகச் சொன்னேன். மண் சட்டென்று உறிஞ்சிக்கொண்டது. எட்டு வருஷத்துக் கடமை முடிந்தது என்று நெஞ்சு குளிர்ந்து போயிற்று. மற்ற மூன்று பேர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஊரைப் பார்த்து ஓடினார்கள். முதல் வீடு வருவதற்குள் சென்னியப்பன் இறந்திருந்தார், வாய் திறந்தபடி.

மறுநாள் குழியைத் தோண்டினோம். நாட்ராயன் எலும்பாக இருந்தான், ஒரு கை மேலே நீட்டியபடி. நாச்சம்மாள் தாலியைக் கழற்றி அவனோடு வைத்து, முறைப்படி அடக்கம் செய்தாள். ஓடிப்போனவனின் பெண்டாட்டி என்ற பேச்சு ஊரில் அன்றோடு நின்றது. கல் இப்போது சுகந்தியிடம் இருக்கிறது, பஞ்சில், தனியாக, திங்கட்கிழமைதோறும் கழுவி வைக்கிறாள். அது யாருக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விட்டதில்லை.

சென்னியப்பனின் காரியத்துக்கு ஊரெல்லாம் சாப்பிடப் போனோம். அன்றைக்கும் திங்கட்கிழமை. முதல் பந்தியில் உட்கார்ந்தேன். இலை போட்டார்கள். தண்ணீர் தெளித்தேன். துடைத்தேன். துடைத்த இலை மறுபடி நனைந்தது. என் விரலில் மோதிரமும் இல்லை, கல்லும் இல்லை, வெறும் கை. பக்கத்தில் இருந்த வாத்தியார் தன் இலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கந்தப்பா, கைய அந்தப் பக்கமாத் திருப்பிக்க" என்றார். யாரும் அலறவில்லை. பந்தி நடந்தது.

தொட்டிக்குக் கீழே அதே நாற்காலி, அதே பச்சை டியூப், அதே கீற்றுப் பந்தல். புதிதாக எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலையில் என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்தபோது வரிசை ஏற்கெனவே நின்றிருந்தது. சென்னியப்பனின் தண்ணீரை ஒரு நாளும் தொடாத நாச்சம்மாள் குடத்தோடு முதல் ஆளாக நின்றிருந்தாள். "வெக்கட்டுமாங்கண்ணா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு, குடத்தை என் கைக்கு அடியில் வைத்தாள்.